விளிம்பு சுத்தம் என்று எழுதப்பட்ட பிறகு

வாய்ப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்து நோயியல் அறிக்கை கைக்கு வந்தவுடன் நோயாளியின் வீட்டார் தேடுவது ஒரே ஒரு வரியைத்தான். வெட்டியெடுத்த சதையின் எல்லா ஓரங்களிலும் புற்றுநோய் செல்கள் இல்லை என்று அந்த வரி சொல்லும். மருத்துவமனைப் பேச்சில் அதை 'மார்ஜின் ஃப்ரீ' என்பார்கள். என் அண்ணனின் முதல் அறிக்கையிலும் அந்த வரி இருந்தது. சில ஆண்டுகள் கழித்து அவருக்கு வாயின் மறுபக்கத்தில் இரண்டாவது புற்றுநோய் வந்தபோது, முதல் அறிக்கையே பொய்யோ என்ற சந்தேகம் வீட்டில் எழுந்தது. அறிக்கை பொய் சொல்லவில்லை. நுண்ணோக்கி வழியே கண்ணுக்குத் தெரிவதை மட்டும் அது சொல்லியிருந்தது. செல்லின் வடிவம் மாறுவதற்கு நெடுநாள் முன்பே அதன் மரபணுக்கள் மாறியிருக்கக்கூடும் என்பதும், அத்தகைய செல்கள் கட்டியைச் சுற்றிச் சில சென்டிமீட்டர் தூரம்கூடப் பரவிக் கிடக்கலாம் என்பதும் அந்த வரிக்குள் அடங்குவதில்லை. மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான், மருத்துவன் அல்லன். அண்ணனுக்குத் துணையாக அலைந்ததிலும், மருத்துவர்களிடம் கேட்டதிலும், பிறகு தேடிப் படித்ததிலும் தெரிந்துகொண்டவற்றை, இதே நிலையில் இருக்கும் குடும்பங்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன்.

அண்ணன் தூத்துக்குடி மாவட்டம் ஆத்தூர்ப் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தவர். வெற்றிலை வீட்டில் எப்போதும் இருக்கும். பாக்கும் சுண்ணாம்பும் புகையிலையும் அதனுடன் சேர்ந்துகொள்ளும். இளவயதிலேயே தொடங்கிய பழக்கம். மென்று முடித்த பிறகு புகையிலையை இடது கன்னத்தில் அடக்கிக்கொள்வார். சில இரவுகளில் அப்படியே தூங்கியும் விடுவார். அந்தக் கன்னத்தின் உட்புறத்தில் வெள்ளைப் படலம் ஒன்று பல காலமாக இருந்திருக்கிறது. வலி இல்லாததால் அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை. படலத்தின் நடுவே ஆறாத புண் வந்து, காரம் பட்டால் எரியத் தொடங்கிய பிறகே மருத்துவரிடம் போனோம். சதைச் சோதனையில் ஸ்குவாமஸ் செல் புற்றுநோய், அதாவது வாயின் உட்பரப்புச் செல்களில் தொடங்கும் புற்று என்று முடிவு வந்தது. உள்கன்னத்தோடு கீழ்த்தாடை எலும்பின் ஒரு பகுதியும் கழுத்து நெறிக்கட்டிகளும் எடுக்கப்பட்டன. மார்பிலிருந்து தசையும் தோலும் எடுத்துக் கன்னத்தில் வைத்துத் தைத்தார்கள். அதன்பின் இடது பக்கத்துக்கு மட்டும் கதிர்வீச்சு கொடுத்தார்கள். எங்கள் ஊரில் இதைக் 'கரண்ட் வைப்பது' என்பார்கள். அப்பெயரைக் கேட்டு ஷாக் அடிக்குமோ என்று அஞ்சி வர மறுத்த ஒரு முதியவரை அங்கேயே பார்த்தேன்.

முதல் அறிக்கையில் ஓரங்களின் அளவு தனித்தனியாகக் குறிக்கப்பட்டிருந்தது: முன், பின், மேல், கீழ், ஆழம். கட்டிக்கும் வெட்டுக்கும் இடையே 5 மில்லிமீட்டருக்கு மேல் நல்ல திசு இருந்தால் ஓரம் சுத்தம் என்றும், 1 முதல் 5 வரை இருந்தால் நெருக்கம் என்றும், 1 மில்லிமீட்டருக்கும் குறைந்தால் நோய் தொட்டிருக்கிறது என்றும் நோயியல் மருத்துவர்கள் பொதுவாகக் கணக்கிடுகிறார்கள். அண்ணனுக்கு எல்லா ஓரங்களும் 5-ஐத் தாண்டியிருந்தன. ஆனால் முன் ஓரத்துக்கு எதிரே 'லேசான டிஸ்பிளேசியா' என்றும் எழுதியிருந்தது. செல்கள் இன்னும் புற்றாகவில்லை, ஆனால் வரிசையும் வடிவமும் கலையத் தொடங்கிவிட்டன என்பது அதன் பொருள். இதற்காக மறுபடி வெட்ட வேண்டியதில்லை, பரிசோதனைக்குத் தவறாமல் வாருங்கள் என்று அறுவை மருத்துவர் சொன்னார். அந்த வரியின் கனம் எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

இரண்டாவது நோய் வலது கீழ் ஈறின் ஓரத்தில், சிவப்பும் வெள்ளையும் கலந்த சிறு திட்டாகத் தோன்றியது. வழக்கமான பரிசோதனையின்போது மருத்துவர்தான் அதைக் கண்டுபிடித்தார். அண்ணனுக்கு அது இருப்பதே தெரியாது. சதைச் சோதனையில் தொடக்க நிலைப் புற்றுநோய். மருத்துவரின் அறையை விட்டு வெளியே வந்ததும் அண்ணன் என்னிடம் கேட்ட கேள்வியையே பின்னர் நானும் பலரிடம் கேட்டேன். "ஏல தம்பி, சுத்தமா எடுத்தாச்சின்னுதான சொன்னாவ? பொறவு எப்படி வந்துச்சி?"

மறுநாள் அதே கேள்வியை மருத்துவரிடம் நான் எழுப்பியபோது அவர் அண்ணனைப் பார்த்தே பதில் சொன்னார். "ஐயா, பழைய நோய் திரும்பி வரல. இது புதுசு. ஆனா ரெண்டும் ஒரே வாயில, ஒரே காரணத்தால வந்தது." திரும்பி வந்த நோய்க்கும் புதிதாய் முளைத்த நோய்க்கும் உள்ள வேறுபாடு சிகிச்சையையே மாற்றக்கூடியது என்பதால், இதைக் கேட்டுத் தெளிவுபெறுமாறு மற்றவர்களுக்கும் சொல்வேன். இந்த வகைப்பாட்டுக்கான விதிகளை வாரன், கேட்ஸ் என்ற இருவர் 1932-இலேயே வகுத்தார்கள்: இரண்டும் புற்றுநோய் என்பது திசுவில் உறுதியாக வேண்டும், இரண்டும் தனித்தனியாக இருக்க வேண்டும், ஒன்று மற்றொன்றிலிருந்து பரவியதாக இருக்கக் கூடாது. பிற்காலத்தில் இரண்டு கட்டிகளுக்கும் நடுவே 2 சென்டிமீட்டர் நல்ல திசு இருப்பது, அல்லது 3 ஆண்டு இடைவெளி இருப்பது என்ற அளவுகோல்களும் நடைமுறைக்கு வந்தன. அண்ணனின் வலது பக்கத்துக்கு முன்பு கதிர்வீச்சு படவில்லை. கட்டியும் சிறியது. ஆகவே அறுவை சிகிச்சை மட்டுமே போதுமானதாக இருந்தது. கதிர்வீச்சு பட்ட இடத்திலேயே மறுபடி கதிர்வீச்சு கொடுப்பது மிகவும் கடினம் என்பதால், இப்படிச் சிறியதாக இருக்கும்போதே பிடிபடுவது நோயாளிக்குப் பெரிய லாபம்.

ஒரே வாயில், ஒரே காரணத்தால் என்று அவர் சொன்னதைப் புரிந்துகொள்ள முயன்றபோது நான் 1953-ஆம் ஆண்டுக்குப் போக நேர்ந்தது. டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் வடிவம் வெளியான அதே ஆண்டில், சிகாகோவில் பணியாற்றிய ஸ்லாட்டர், சவுத்விக், ஸ்மைகல் என்ற மூன்று மருத்துவர்கள் 783 வாய்ப் புற்றுநோயாளிகளின் திசுக்களை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கட்டியை மட்டும் பார்க்காமல் அதைச் சுற்றியிருந்த, வெறும் கண்ணுக்கு நல்லதாகத் தெரிந்த மேற்புறத் திசுவையும் பார்த்தார்கள். அதுவும் பல தூரங்களுக்கு இயல்பு கெட்டிருந்தது. நூற்றுக்குச் சுமார் 11 பேருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தனித்தனிக் கட்டிகளும் இருந்தன. புற்றை உண்டாக்கும் பொருள் ஒரு புள்ளியை மட்டும் தொடுவதில்லை, பரப்பு முழுவதையும் தொடுகிறது. அப்பரப்பில் எங்கு வேண்டுமானாலும் அடுத்த கட்டி எழலாம் என்பது அவர்கள் முடிவு. மரபணுவைப் படிக்கும் கருவி எதுவும் இல்லாத காலத்தில், திசுச் சீவலை ஒட்டிச் சாயமிட்ட வெறும் கண்ணாடிச் சில்லுகளை வைத்து இம்முடிவுக்கு வந்திருக்கிறார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்பு.

இதை நான் அண்ணனிடம் விளக்கியபோது அவர் இடைமறித்து, "கொடி வாடிச்சின்னா கொடிய மட்டும் பிடுங்கிப் போட்டாப் போதுமா? நோவு மண்ணுல கெடக்குல்லா" என்றார். கொடிக்காலில் ஒரு கொடியின் அடி அழுகினால் அக்கம்பக்கத்து மண்ணையும் கவனித்தாக வேண்டும் என்பது அவர் தொழிலில் தெரிந்த பாடம். எந்த மருத்துவரும் இவ்வளவு சுருக்கமாக எனக்கு விளக்கவில்லை.

அந்தப் பரப்பில் உண்மையில் என்ன மாறியிருக்கிறது என்பதற்கான விடை 1990-களில் கிடைக்கத் தொடங்கியது. 1996-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தலை, கழுத்துப் புற்றுநோய்களில் மாற்றங்கள் நிகழும் பொதுவான வரிசையைக் காட்டினார்கள். முதலில் 9-ஆம் குரோமோசோமின் குட்டைக் கையில் ஒரு துண்டு காணாமல் போகிறது. செல் பிரிவதற்குக் கடிவாளமாக இருக்கும் பி16 என்ற மரபணு அங்கேதான் இருக்கிறது. தொடர்ந்து 3-ஆம் குரோமோசோமிலும், பி53 மரபணு இருக்கும் 17-ஆம் குரோமோசோமிலும் இழப்புகள் வருகின்றன. டி.என்.ஏ. சிதைந்த செல்லைப் பிரியவிடாமல் நிறுத்துவதும், சரிசெய்ய முடியாவிட்டால் அதை அழிப்பதும் பி53-இன் வேலை. அது பழுதானால் சிதைந்த செல்லும் பிரிந்துகொண்டே போகும். இம்மாற்றங்களில் சில, புற்றாக மாறாத, பார்வைக்குச் சாதாரணமான சளிப்படலத்திலேயே (வாயின் ஈரமான உட்பரப்பிலேயே) இருக்கின்றன. மேற்புறத் திசுவின் அடி அடுக்கில் உள்ள ஒரு மூலச் செல்லில் இத்தகைய பழுது நேர்ந்தால், அதன் வழிவந்த செல்கள் முதலில் சிறு திட்டாகவும், பிறகு அக்கம்பக்கத்து நல்ல செல்களை ஒதுக்கித் தள்ளி அகன்ற பரப்பாகவும் விரிகின்றன. ஆம்ஸ்டர்டாமில் பிராக்ஹுயிஸ், பிராக்கன்ஹாஃப் முதலியோர் 2000-க்குப் பிந்தைய ஆண்டுகளில் இதை விரிவாக எழுதினார்கள். அவர்களின் 2001 ஆய்வில், 28 நோயாளிகளுள் 10 பேருக்குக் கட்டியைச் சுற்றி மரபணு மாறிய பரப்பு இருந்தது. அந்த 10 பேரில் 7 பேருக்கு அப்பரப்பு அறுவையின் ஓரத்தைத் தாண்டி நோயாளியின் வாயிலேயே எஞ்சியிருந்தது.

ஓரத்தில் உள்ள மரபணு மாற்றம் பின்னால் என்ன செய்கிறது என்பதற்கு 1995-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஆய்வு இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. கட்டியில் பி53 மாற்றம் இருந்து, நுண்ணோக்கியில் ஓரங்கள் சுத்தம் என்று சொல்லப்பட்ட 25 பேரை எடுத்து, அதே மாற்றம் ஓரங்களிலும் இருக்கிறதா என்று தேடினார்கள். 13 பேருக்கு இருந்தது. அந்த 13 பேரில் 5 பேருக்கு அதே இடத்தில் நோய் திரும்பியது. மாற்றம் இல்லாத 12 பேரில் ஒருவருக்கும் திரும்பவில்லை. எண்ணிக்கை சிறியதுதான். இதில் நுட்பமான ஒரு சிக்கலும் உண்டு. ஓரத்தில் கட்டியின் மாற்றமே தெரிந்தால், அது தப்பி நின்ற சில புற்றுச் செல்களாகவும் இருக்கலாம், கட்டி பிறந்த பழைய பரப்பின் மிச்சமாகவும் இருக்கலாம். முதலாவது சில மாதங்களில் தலைகாட்டும் அபாயம். இரண்டாவது ஆண்டுக்கணக்கில் காத்திருந்து இன்னொரு கட்டியை எழுப்பக்கூடியது. அண்ணனின் இரண்டு கட்டிகளும் எதிரெதிர்ப் பக்கங்களில் இருந்ததால் அவை ஒரே பரப்பில் பிறந்தவையாக இருக்க வாய்ப்புக் குறைவு. பாக்கும் புகையிலையும் கலந்த சாறு வாய் முழுவதும் சுழன்று, இரண்டு பக்கங்களிலும் தனித்தனியே சேதம் செய்திருக்க வேண்டும் என்பதே மருத்துவரின் கணிப்பு.

இவ்வளவையும் படித்த பிறகு ஓரங்களுக்கும் மரபணுப் பரிசோதனை செய்துவிடலாமே என்ற எண்ணம் எனக்கு வந்ததில் வியப்பில்லை. மருத்துவர் அதை ஊக்கப்படுத்தவில்லை. அவர் சொன்ன காரணம் எனக்குச் சரியாகவே பட்டது. முடிவு எப்படி வந்தாலும் செய்யப்போவது ஒன்றே: வாய் முழுவதையும் விடாமல் கவனிப்பது. மாறிய பரப்பு முழுவதையும் வெட்டியெடுக்க முனைந்தால் பேச்சும் விழுங்குதலும் போய்விடும். இவ்விடத்தில் கனடாவில் நடந்த ஒரு முயற்சியையும் சொல்ல வேண்டும். நீல ஒளியைப் பாய்ச்சினால் இயல்பான சளிப்படலம் மங்கிய பச்சையாய் ஒளிரும், மாறிய பரப்பு கருத்துத் தெரியும் என்பதைப் பயன்படுத்தி, அக்கருத்த எல்லை வரை வெட்டினால் நோய் திரும்புவது குறையும் என்று வான்கூவர் குழுவினர் எதிர்பார்த்தார்கள். தொடக்க முடிவுகள் நம்பிக்கை தந்தன. ஆனால் 400-க்கும் மேற்பட்டோரைச் சேர்த்து முறைப்படி நடத்தி 2020-இல் வெளியிட்ட சோதனையில், அந்த ஒளியின் துணையோடு செய்த அறுவைக்கும் வழக்கமான வெள்ளை ஒளி அறுவைக்கும் நோய் திரும்புவதில் வேறுபாடு இல்லை. ஆகவே புதுக் கருவி இருக்கிறது என்பதற்காக மட்டும் மருத்துவமனையை மாற்ற வேண்டியதில்லை என்பது என் கருத்து.

இன்னொரு பக்கம், மரபணு மாறியிருக்கிறது என்று கேள்விப்பட்டவுடன் பதறுவதற்கும் இடமில்லை. 2018-இல் கேம்பிரிட்ஜ் பகுதி ஆய்வாளர்கள் புற்றுநோய் இல்லாத ஒன்பது பேரின் உணவுக்குழாய்த் திசுவைத் துண்டு துண்டாக ஆராய்ந்து, நடுவயதைத் தாண்டியவர்களின் உணவுக்குழாய் உட்பரப்பில் பெரும்பகுதி ஏற்கெனவே மரபணு மாறிய செல் கூட்டங்களால் நிரம்பியிருப்பதைக் கண்டார்கள். நாட்ச்1 என்ற மரபணுவின் மாற்றம், உணவுக்குழாய்ப் புற்றுநோயில் காணப்படுவதைவிட நல்ல திசுவில் அதிகமாக இருந்தது. வயதேறும்போது எல்லாருடைய உடலிலும் இத்தகைய திட்டுகள் பரவுகின்றன. அவற்றில் மிகமிகச் சிலவே புற்றாகின்றன. எந்த மரபணு, எத்தனை மாற்றங்கள் ஒன்றுசேர்ந்தன, புண்படுத்தும் பொருள் இன்னும் தொடர்கிறதா என்பவற்றைப் பொறுத்தே அபாயம் அமைகிறது. கல்லூரியில் தாவரவியல் கற்பித்த என் நண்பர் ஒருவர், கட்டியைச் சூழ்ந்திருக்கும் இணைப்புத் திசுவின் செல்களும் மரபணு மாறியவைதாமா என்று கேட்டார். மாறியிருக்கின்றன என்று முன்பு சில ஆய்வுகள் வந்தன. ஆனால் 2008-இல் மார்பக, சூலகப் புற்றுநோய்களில் செய்த கவனமான ஆய்வில் அச்செல்களின் மரபணுக்களில் மாற்றம் ஏறக்குறைய இல்லை என்று தெரிந்தது. அவை கட்டியின் பக்கம் சாய்ந்து நடந்துகொள்வது, இருக்கும் மரபணுக்களில் எவை விழித்திருக்கின்றன, எவை உறங்குகின்றன என்பது மாறுவதால்தான். மரபணுவே மாறுவது, மரபணுவின் செயல்பாடு மாறுவது என்ற இந்த இரண்டையும் கலந்து பேசுவதால்தான் செய்திகளில் குழப்பம் நேர்கிறது.

இதையொட்டி ஒரு சிறு குறிப்பு. மருத்துவர் கட்டியின் மரபணுப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தால், ஒப்பீட்டுக்காக இரத்தமும் கேட்பது வழக்கம். கட்டிக்குப் பக்கத்துத் திசுவை எடுத்து ஒப்பிட்டால் ஆகாதா என்று தோன்றும். ஆனால் மேலே சொன்னபடி அந்தத் திசுவிலும் மரபணு மாற்றம் இருக்கலாம்; அது முற்றிலும் நல்ல திசுவாக நடந்துகொள்வதும் இல்லை. பல உறுப்புகளை ஒப்பிட்ட 2017-இன் ஓர் ஆய்வு, கட்டியை அடுத்த திசுவின் மரபணுச் செயல்பாடு நலமான திசுவுக்கும் கட்டிக்கும் இடைப்பட்ட நிலையில் இருப்பதாகக் காட்டியது. ஊசி குத்த வேண்டாம் என்று மறுக்காமல் இரத்தம் கொடுத்துவிடுவதே நல்லது.

மாத்திரை விஷயத்தில் எங்கள் வீட்டில் நீண்ட விவாதமே நடந்தது. மாறிய பரப்பைச் சரிசெய்யும் என்று சொல்லி உறவினர் ஒருவர் வைட்டமின் மாத்திரைகள் வாங்கி அனுப்பினார். அந்த எண்ணம் அடியோடு ஆதாரமற்றதும் அன்று. 1990-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்த மருந்தை அதிக அளவில் கொடுத்தபோது தலை, கழுத்துப் புற்றுநோயாளிகளுக்கு இரண்டாவது புற்றுநோய் வருவது குறைந்தது. ஆனால் பக்கவிளைவுகள் கடுமையாக இருந்தன. தாங்கக்கூடிய குறைந்த அளவில், ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்குக் கொடுத்துப் பார்த்து 2006-இல் வெளியிட்டபோது பயன் எதுவும் இல்லை. பீட்டா கரோட்டின் கதை இன்னும் மோசம்: பின்லாந்தில் 29,133 ஆண் புகைப்பிடிப்பவர்களிடம் நடத்திய சோதனையின் முடிவு 1994-இல் வந்தது, அம்மாத்திரையை உட்கொண்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் கூடுதலாகவே வந்தது. மாத்திரைகளை மதினி அலமாரியில் வைத்துப் பூட்டினார். கீரையும் பழமும் உணவாகச் சாப்பிடுவதற்கு யாரும் தடை சொல்லவில்லை.

மிஞ்சுவது பழக்கத்தை நிறுத்துவது. இதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. புகையிலையை மட்டும் விட்டுவிட்டுப் பாக்கைத் தொடரலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அண்ணனும் அப்படிச் சில காலம் பேரம் பேசினார். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, புகையிலை சேராத வெற்றிலைப் பாக்கும் மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று 2004-இல் வெளியிட்ட தொகுதியில் உறுதிசெய்து, பாக்கையும் முதல் பிரிவிலேயே வைத்தது. வெறும் வெற்றிலை அப்பட்டியலில் இல்லை என்று நான் படித்துச் சொன்னபோது, கொடிக்கால்காரரின் முகத்தில் தெரிந்த நிம்மதி தனி. இப்போது அவர் சாப்பாட்டுக்குப் பிறகு ஓமமோ சோம்போ வாயில் போட்டுக்கொள்கிறார். கை பழகிய நேரத்தில் வாய்க்கு ஏதாவது கொடுக்காமல் வெறுமனே நிறுத்தச் சொன்னால் நிற்காது என்பதை அருகிருந்து பார்த்தேன். அவரோடு உட்கார்ந்து மெல்லும் கூட்டாளிகள் வீட்டுக்கு வரும்போது வெற்றிலைச் செல்லத்தை எடுத்து வைக்கும் வழக்கத்தை மதினி நிறுத்தியதும் பெரும் உதவியாக இருந்தது.

பரிசோதனை என்றால் பலர் ஸ்கேனை நினைக்கிறார்கள். வாயைப் பொறுத்தவரை நல்ல வெளிச்சமும் பழகிய கண்ணும் விரலுமே முதல் கருவிகள். கேரளத்தில் திருவனந்தபுரம் மாவட்டத்தில் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடுவீடாகச் சென்று வாயைப் பார்த்த நீண்டகால ஆய்வு 2005-இல் லான்செட் இதழில் வந்தது. புகையிலையோ மதுவோ பழக்கமாக உள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோய்ச் சாவுகள் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தன. நாங்கள் வீட்டில் செய்வது இவ்வளவுதான்: செயற்கைப் பல் இருந்தால் கழற்றிவிட்டு, கைப்பேசி விளக்கு வெளிச்சத்தில் இரு உள்கன்னங்கள், ஈறுகளின் இருபுறம், நாக்கின் ஓரங்கள், நாக்குக்கு அடியில், மேலண்ணம் என்று ஒரே வரிசையில் மதினி பார்ப்பார். ஒவ்வொரு முறையும் அதே வரிசை என்பதால் எதுவும் விடுபடுவதில்லை. சந்தேகமான இடத்தைப் படம் எடுத்துவைத்துக்கொண்டால் அடுத்த முறை பெரிதாகியிருக்கிறதா என்று ஒப்பிடலாம். இரண்டு வாரத்தில் ஆறாத புண், துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, காரணமின்றி வரும் சிவப்புத் திட்டு, தடிப்பு, உணர்வின்மை ஆகியவற்றில் எது தென்பட்டாலும் அடுத்த சோதனைத் தேதி வரை காத்திருப்பதில்லை. வெள்ளையைவிடச் சிவப்பு ஆபத்தானது என்பதை மனத்தில் வைக்க வேண்டும். மார்பிலிருந்து வைத்த தோல் அந்த வாயில் வளர்ந்த திசு அன்று, முடிகூட முளைக்கும். ஆகவே, அத்தோல் பழைய சளிப்படலத்தோடு சேரும் தையல் விளிம்பைக் கூர்ந்து பாருங்கள் என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

வாயைப் பார்க்க வாய் திறக்க வேண்டும். அறுவையும் கதிர்வீச்சும் தாடையை இறுக்கிவிடும். இறுகிய வாய்க்குள் பின்பக்கம் என்ன இருக்கிறது என்று யாராலும் பார்க்க முடியாது. இயன்முறை மருத்துவர் ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கிடையே வைத்து, மெல்ல மெல்ல ஒவ்வொன்றாகக் கூட்டும் பயிற்சியைக் கற்றுக்கொடுத்தார். அண்ணன் வலியில் முனகியபடியே அதைச் செய்தார். கூர்மையான பல் முனை உராய்ந்து புண்ணாகும் இடங்களைப் பல் மருத்துவர் மழுங்கடித்தார். கதிர்வீச்சு பட்ட தாடையில் பல் பிடுங்கினால் எலும்பு ஆறாமல் போகக்கூடும் என்பதால், ஊர்ப் பல் மருத்துவர் யாராக இருந்தாலும் முதலில் இந்தச் செய்தியைச் சொல்லிவிட வேண்டும்.

அறிக்கைகளைப் பத்திரப்படுத்துவது எல்லாருக்கும் தெரியும். கண்ணாடிச் சில்லுகளையும் மெழுகுக் கட்டிகளையும் பற்றிப் பலருக்குத் தெரியாது. திசுவை மெழுகில் புதைத்து ஆய்வகம் வைத்திருக்கும் அக்கட்டியிலிருந்துதான் பிற்காலத்தில் மறு ஆய்வோ மரபணுச் சோதனையோ செய்ய முடியும். இரண்டாவது நோய் வந்தபோது புதிய மருத்துவர் பழைய சில்லுகளைப் பார்க்க விரும்பினார். முன்பே எழுதிக் கேட்டு வாங்கிவைத்திருந்ததால் அன்றே கொடுக்க முடிந்தது. நோயியல் அறிக்கையைப் பெறும்போது கேட்க வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போவது நல்லது. எந்த ஓரம் மிக நெருக்கமானது, எத்தனை மில்லிமீட்டர், ஓரத்தில் டிஸ்பிளேசியா உண்டா, உண்டென்றால் எந்த அளவு என்பவையே என் தாளில் இருந்தன. வெட்டியவுடன் திசு சுருங்கும், அதைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலின் திரவத்தில் இன்னும் சுருங்கும். ஆகவே மேசையில் அறுவை மருத்துவர் விட்ட இடைவெளியைவிட அறிக்கையில் குறைவாகத் தெரிவதைப் பார்த்து அவர்மேல் ஐயப்பட வேண்டாம்.

ஐந்து ஆண்டு முடிந்தால் நோயிலிருந்து விடுபட்டாயிற்று என்று ஊரில் ஒரு கணக்கு உண்டு. பழைய கட்டி திரும்புவதற்கு அந்தக் கணக்கு ஓரளவு பொருந்தும். தலை, கழுத்துப் பகுதியில் நோய் திரும்புவதில் பெரும்பகுதி முதல் இரண்டு ஆண்டுகளில் நிகழ்ந்துவிடுகிறது. மாறிய பரப்பில் புதிதாய் எழும் கட்டிக்கு அந்தக் கணக்கு தெரியாது; ஆண்டுதோறும் நூற்றில் சிலருக்கு என்ற விகிதத்தில் அது வந்துகொண்டே இருக்கிறது. வாய் மட்டுமின்றித் தொண்டை, உணவுக்குழாய், நுரையீரல் ஆகியவையும் அதே புகையையும் சாற்றையும் கண்ட உறுப்புகள் என்பதால், குரல் மாற்றத்தையும் விழுங்கும்போது ஏற்படும் தடையையும் சோதனையின்போது சொல்லிவிடுகிறோம். முதல் ஆண்டில் மாதத்துக்கோ மூன்று மாதத்துக்கோ ஒரு முறையாக இருந்த வருகை படிப்படியாக இடைவெளி கூடினாலும், ஆண்டுக்கு ஒரு முறை என்பது வாழ்நாள் முழுவதற்கும் உரியது.

அண்ணன் மகனுக்குத் திருமணப் பேச்சு நடந்தபோது பெண் வீட்டார் கேட்டது, இது பரம்பரையாக வருமா என்று. வராது என்று எழுதியே கொடுக்கலாம் என்றார் மருத்துவர். கன்னத்துச் செல்லில் நேர்ந்த மாற்றம் அந்தச் செல்லின் வழித்தோன்றல்களோடு நின்றுவிடும்; விந்துவுக்கோ கருமுட்டைக்கோ அது போவதில்லை. பிறவியிலேயே புற்றுநோய்க்கு இடம்கொடுக்கும் அரிய நோய்கள் சில இருக்கின்றன. நெடுங்காலம் புகையிலை போட்டவருக்கு முதிய வயதில் வரும் வாய்ப் புற்றுநோய் அவ்வகையைச் சேர்ந்ததன்று. ஆனால் பையனின் வாயையும் பார்த்துவிடலாம் என்று அவர் சேர்த்துச் சொன்னார். தமிழ்நாட்டில் குட்காவும் பான் மசாலாவும் 2013 முதல் தடைசெய்யப்பட்டிருக்கின்றன; பொட்டலப் பாக்கு கிடைக்காத பெட்டிக்கடையை நான் இன்னும் பார்க்கவில்லை. லாரி ஓட்டும்போது தூக்கம் வராமலிருக்க அவன் அதைப் போடுவது வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

நடுவிரல்கள் மூன்றையும் செங்குத்தாக அடுக்கி வாய்க்குள் விடச் சொன்னார் பல் மருத்துவர். அவனுக்கு இரண்டரைக்கு மேல் நுழையவில்லை. உள்கன்னம் வெளிறி, விரலுக்கு நார் நாராகத் தட்டுப்பட்டது. பாக்கினால் வரும் சளிப்படல இறுக்கம், தொடக்க நிலை என்று எழுதினார். கட்டி எதுவும் இல்லை, சதைச் சோதனையில் டிஸ்பிளேசியாவும் இல்லை. ஏற்கெனவே இறுகிய நார்கள் பெரும்பாலும் இளகாது. பாக்கை நிறுத்தினால் மேலும் இறுகுவது மட்டுப்படும் என்றும், வாய் திறக்கும் பயிற்சியை விடாமல் செய்ய வேண்டும் என்றும், ஆறு மாதத்துக்கு ஒரு முறை வந்து காட்ட வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார். அண்ணன் அவனுக்கு ஐஸ்கிரீம் குச்சி அடுக்கும் முறையைக் காட்டிக்கொடுத்திருக்கிறார்.